டிரம் கோரில் சிந்தசைசர்: வாசித்தவர்கள், நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

பிளேனோ அம்மா

என் மகள் பள்ளி மார்ச்சிங் பேண்டில் சிந்தசைசர் வாசிக்கிறாள். மைதானத்தின் முன் விளிம்பில் மரிம்பா, வைப்ரஃபோன் எல்லாம் வரிசையாக நிற்குமே, பிட் என்பார்கள், அங்கேதான் அவள் இடம். இப்போது டிசிஐ (டிரம் கோர் போட்டிகளை நடத்தும் அமைப்பு) கோர் ஒன்றுக்கு ஆடிஷன் வீடியோ அனுப்பத் தயாராகிறாள். கோர் என்றால் பித்தளை வாத்தியங்களும் டிரம்களும் வாசித்தபடி மைதானத்தில் அணிவகுக்கும் இளைஞர் குழு. அதற்கு முன்னால் ஒரு போட்டியை நேரில் பார்க்கட்டும் என்று போன ஜூலையில் சான் அன்டோனியோவுக்கு, அலமோடோமுக்குக் கூட்டிப் போனேன்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். எழுபதுகளில் கோரில் ஊதியவராம். ரொம்ப அன்பாகப் பேசினார். ஆனால் ஸ்பீக்கரிலிருந்து அடிவயிற்றைக் கலக்குகிற அந்த 'தும்ம்ம்' வரும்போதெல்லாம் முகம் சுருங்கிவிட்டது. மகள் தான் வாசிப்பது சிந்தசைசர் என்று சொன்னதும், "உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் மனிதர்கள் ஊதுவதையும் அடிப்பதையும் கேட்கத்தான் நான் டிக்கெட் வாங்குகிறேன்" என்றார். வீடு வந்து சேரும்வரை அவள் வாயே திறக்கவில்லை.

எனக்கு இந்த உலகம் புதிது. அவர் சொன்னதில் நியாயம் உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இண்டி ரசிகர்

சகோதரி, தொண்ணூறுகளின் கடைசியில் படிக்க வந்தபோது அறைத்தோழர் ஒருவர் இழுத்துப் போய் டிரம் கோரைக் காட்டினார். அன்றிலிருந்து கோடை வந்தால் எனக்கு வேறு வேலை ஓடாது.

அந்தப் பெரியவரின் வருத்தம் பழையது. டிசிஐ தொடங்கியதே 1971இல்தான், ஆனால் அப்போதிருந்து ஒவ்வொரு மாற்றத்துக்கும் 'இதோடு டிரம் கோர் செத்தது' என்று யாராவது சொல்லியிருக்கிறார்கள். 1982இல் மரிம்பா, டிம்பனி எல்லாவற்றையும் தோளில் சுமக்காமல் தரையில் வைத்து வாசிக்கலாம் என்றானபோது சொன்னார்கள். 1990இல் பியூகிள் என்கிற பித்தளை ஊதுகருவிக்கு மூன்றாவது வால்வு வந்தபோது சொன்னார்கள். 2000இல் ஜி சுருதிப் பியூகிள்தான் வேண்டும் என்ற கட்டாயம் போய், எந்தச் சுருதிப் பித்தளை வாத்தியமும் சரி என்றானபோது பெரிய சண்டையே நடந்தது. 2004இல் மைக், 2009இல் சிந்தசைசரும் சாம்பிள் என்கிற முன்பதிவு ஒலிகளும், 2014இல் டிராம்போன், சூசஃபோன் உட்பட எல்லாப் பித்தளையும்.

இதை அடுக்கிக் காட்டி, 'பார், எல்லாம் பழகிவிட்டது, இதுவும் பழகிவிடும்' என்பார்கள் சிலர். எனக்கு அது ஒப்பவில்லை. 2000 வரை வந்த எந்த மாற்றத்திலும் ஒலி பிறந்தது ஒரு பிள்ளையின் மூச்சிலும் கையிலும்தான். 2009 அப்படியில்லை. ஒரு விரல் ஒரு கட்டையைத் தொட்டால் என்றோ எங்கோ பதிவு செய்த ஒலி மைதானத்தை நிரப்பும். யார் வாசித்தது என்று கண்ணால் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். கூட்டத்தில் பலருக்கு உறுத்துவது இதுதான்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் பேசுவதில்லை. 2008 இறுதிப் போட்டி புளூமிங்டனில் திறந்த மைதானத்தில் நடந்தது. 2009 முதல் இங்கே இண்டியானாபொலிஸில், லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில், கூரையுள்ள இடத்தில். சிந்தசைசருக்கும் அதே 2009தான் முதல் வருடம். அன்று கேட்ட குழப்பத்தில் எவ்வளவு கட்டடத்தின் எதிரொலி, எவ்வளவு சப்வூஃபர் (அடிநாத ஸ்பீக்கர்) என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பழியை முழுக்கச் சிந்தசைசர் தலையில் போட்டுவிட்டோம். அலமோடோமும் எதிரொலிக்குப் பேர் போன இடம்தான், அந்தப் பெரியவரை ஒரு தடவை வெளி மைதானத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

எனக்குப் பிடிக்காதது எது என்றும் சொல்லிவிடுகிறேன். 2006, 2007 கேடட்ஸ் கோரின் நிகழ்ச்சிகளில் இசை நடந்துகொண்டிருக்கும்போதே மைக்கில் பேச்சு மேல் பேச்சு. அபாரமாக ஊதுகிற பிள்ளைகள் பின்னணியாகிப் போனார்கள். பிடித்தது 2014இல் புளூகோட்ஸ் கோரின் 'டில்ட்' நிகழ்ச்சி. பித்தளை நாதம் அப்படியே சறுக்கி வளைந்து இறங்கும். ஊதுகிறவர்களும் சிந்தசைசரும் ஒன்றாகச் சேராமல் அந்த ஒலி வராது. இங்கே முழு அரங்கமும் எழுந்து கத்தியது. அந்த வருடம் 99.65 எடுத்து சாதனையோடு ஜெயித்தது புளூ டெவில்ஸ், புளூகோட்ஸ் இரண்டாவது. ஆனாலும் அந்த வளைவைப் பற்றி இன்றும் பேசுகிறோம்.

சிகாகோ மரிம்பா

அக்கா, நான் 2003இலும் 2004இலும் ஒரு கோரின் பிட்டில் மரிம்பா வாசித்தேன். முதல் வருடம் மைக் இல்லை, அடுத்த வருடம் மைக். இரண்டையும் என் மணிக்கட்டு நேரில் அறியும் என்பதால் எழுதுகிறேன்.

மைக் இல்லாத காலத்தில் மரிம்பா வாசிப்பது என்பது அடிப்பது. பின்னால் பித்தளையும் ஸ்னேர் டிரம்மும் முழங்கும்போது நம் ஒலி மேல் வரிசை வரை போயாக வேண்டும். அதற்காகக் கல் மாதிரி கெட்டியான மேலட் (அடிக்கும் குச்சி), தோளிலிருந்து வீச்சு. கட்டைகளும் வெயில் மழைக்குத் தாங்குகிற செயற்கைக் கட்டைகள்தான், ரோஸ்வுட் கிடையாது. கையில் நான்கு மேலட் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க அப்படி அடித்தால் விரலிடுக்கில் தோல் உரியும். வெள்ளை டேப் சுற்றிக்கொண்டு மறுபடி அடிப்போம். மெல்லிய பகுதி என்று தாளில் எழுதியிருக்கும், அதையும் சத்தமாகத்தான் வாசிப்போம். மெல்ல வாசித்தால் வாசிக்காத மாதிரிதான்.

அடுத்த வருடம் கட்டைகளுக்குக் கீழே சட்டத்தில் சின்னச் சின்ன மைக்குகளைப் பொருத்தினார்கள், காற்றுக்குப் பஞ்சுத் தொப்பி போட்டு. எங்கள் ஆசிரியர் நூல் சுற்றிய மிருதுவான மேலட்டைக் கையில் கொடுத்து, "இனிமேல் நீங்கள் கச்சேரி மேடையில் வாசிப்பது போல வாசிக்கலாம்" என்றார். மெதுவான பாட்டில் நான்கு சுரங்களைச் சேர்த்து, வேகமாக மாறி மாறி அடிக்கும் ஒரு ரோல். கட்டையில் மேலட் படுவதே தெரியாமல் நாதம் மட்டும் எழுந்தது. பிட்டில் இருந்த நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டில் பயிற்சி அறையில் மட்டும் கேட்ட என் வாத்தியத்தின் நிஜக் குரல் அன்றைக்குத்தான் மைதானத்துக்கு வந்தது. மைக் வேண்டாம் என்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: அது எங்கள் வேலையைக் குறைக்கவில்லை, கூட்டியது. சத்தத்தில் மறைத்துக்கொண்டிருந்த சின்னப் பிழையெல்லாம் ஸ்பீக்கரில் பளிச்சென்று கேட்டது.

இண்டி அண்ணா, சிந்தசைசரில் ஆள் கிடைக்கமாட்டார் என்று நீங்கள் எழுதியதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இப்போது ஒரு பள்ளியில் பிட்டுக்குச் சொல்லித் தருகிறேன், பக்கத்தில் நின்று பார்க்கிறேன். மடிக்கணினியில் மெயின்ஸ்டேஜ் என்கிற ஒலி மென்பொருள் ஓடும். வரிக்கு வரி ஒலி மாறும், மாற்றுவது அந்தப் பிள்ளை. வலது கையில் டிரம்பெட்டோடு சேர்ந்த ஒரு ஓட்டம், இடது கையில் கீழ்ச் சுரம், காலில் ஒலி அளவு பெடல், கண் குழுவை நடத்தும் டிரம் மேஜர் மேல், காது பின்னால் வரும் ஸ்னேரில். ஒரு பட்டனை ஒரு தட்டு தாமதமாக அழுத்தினால் அரங்கம் முழுவதும் தவறான ஒலி கேட்கும். ஸ்னேர்காரர் குச்சியைத் தவறவிட்டால்கூட இவ்வளவு வெளியே தெரியாது.

அப்புறம் அந்த 'தும்ம்ம்'. அங்கே பெரியவர் பக்கம்தான் நான். டியூபாக்களும் யூஃபோனியங்களும் கஷ்டப்பட்டு ஊதி எழுப்புகிற அடிநாதத்தின் மேல் சிந்தசைசரின் கீழ்ச் சுரத்தைப் பூசி மெழுகுவது எனக்குக் கோபத்தையே தருகிறது. ஊதுகிற பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம் அது. அதற்கு வாசிக்கிறவள் காரணமில்லை, எழுதுகிறவரும் மிக்ஸரில் நிற்கிறவரும்தான் காரணம்.

மதிப்பெண் முறையும் இதற்குத் தோதாக இருக்கிறது. 100இல் பொது விளைவுக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. பித்தளைக்கு, தாளத்துக்கு, கொடி சுழற்றும் கலர் கார்டுக்கு எல்லாம் தனி நடுவர் உண்டு. எலெக்ட்ரானிக்ஸுக்கு என்று தனிப் பிரிவு இல்லை. அரங்கை அதிரவைத்தால் 'விளைவு' வந்துவிடும் என்று சில வடிவமைப்பாளர்கள் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடிசன் ஒலிக்காரர்

நான் கோயில் கும்பாபிஷேகம், தமிழ்ச் சங்க விழாக்களுக்கு ஒலி அமைப்பவன். மகன் கோரில் இருந்த கோடையில் தன்னார்வலராக வண்டி தள்ளவும் கேபிள் சுற்றவும் போனேன்.

ஆலன்டவுனில் ஒரு இரவு, திறந்த மைதானம், லேசான தூறல். எந்தக் கோர் என்று சொல்லவில்லை. ஜெனரேட்டரிலிருந்து வரும் இணைப்பு நடுவில் போய்விட்டது. ஒலிக் கருவிகள் அடுக்கிய ரேக் முழுக்க அணைந்தது, ஸ்பீக்கர் ஊமை. பிள்ளைகள் ஒரு கணம்கூட நிற்கவில்லை.

அந்த மிச்ச நிமிடங்களில் நான் கேட்டது எனக்குப் பாடமாக இருந்தது. டிரம்பெட்டும் மெல்லோஃபோனும் மின்சாரம் போனதே தெரியாத மாதிரி முழங்கின. பேட்டரி, அதாவது டிரம்களைச் சுமந்தபடி அடிக்கும் அணி, அதே வேகத்தில் கச்சிதமாகப் போனது. மரிம்பா காணாமலே போனது, சிகாகோ தங்கை சொல்வது அப்படியே உண்மை. ஆனால் அடிநாதம் பாதியாகிவிட்டது. அத்தனை டியூபாக்கள் நிற்கின்றன, இருந்தும் மெலிந்து கேட்டது. ஊதியவர்கள் குறையில்லை. சிந்தசைசரை நம்பி, டியூபாக்களுக்கு அங்கே நீண்ட ஒற்றைச் சுரங்களாக எழுதி வைத்திருந்தார்கள். எது துணை, எது ஊன்றுகோல் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஊரில் நாதஸ்வரமும் தவிலும் வீதிக்கென்றே பிறந்தவை, அவற்றின் முன்னால் மைக்கை வைத்து முழு அளவில் திருப்பிவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பித்தளையும் ஸ்னேரும் அதே ரகம். மைக் தேவைப்படுவது மரிம்பாவுக்கும் தனியாகப் பாடுகிற குரலுக்கும்தான்.

இன்னொரு சங்கதி, சகோதரியின் மகளுக்குப் பயன்படும். மைதானத்தின் அகலம் 160 அடி. ஒலி அதைக் கடக்க ஏறக்குறைய 0.14 வினாடி ஆகும். நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கே 0.33 வினாடிதான். பின்கோட்டில் நிற்கிறவர் முன்னால் உள்ள ஸ்பீக்கரைக் கேட்டு ஊதினால், ஒலி போகவும் திரும்பி வரவுமாக இரண்டு தடவை அந்தத் தாமதம் சேர்ந்து, அவர் ஊதியது கூட்டத்தை எட்டும்போது கிட்டத்தட்ட ஒரு தட்டு பிந்திவிடும். அதனால் பிட்டில் இருப்பவர்கள் எப்போதும் பின்னாலிருந்து வரும் பேட்டரியைக் கேட்டுத்தான் வாசிக்க வேண்டும். தன் ஸ்பீக்கர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சிந்தசைசர்காரருக்கும் அதே விதிதான்.

பிளேனோ அம்மா

எல்லோருக்கும் நன்றி. மகளுக்கு இங்கே எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினேன். ஆடிஷனில் என்ன கேட்பார்கள், அவள் என்ன கேட்க வேண்டும்?

சிகாகோ மரிம்பா

அக்கா, பியானோ நன்றாக வர வேண்டும், அது முதலில். மெட்ரோனோம் போட்டு, நின்றபடி, கால் தட்டிக்கொண்டே வாசித்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

அவள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. போன வருட நிகழ்ச்சியின் சிந்தசைசர் தாளைக் காட்டச் சொல்லுங்கள். பக்கம் பக்கமாகக் கீழ்ச் சுரத்தை அழுத்திப் பிடிப்பது மட்டுமே இருந்தால் வேறு கோர் பார்க்கலாம். பல ஆயிரம் டாலர் கட்டி, ஒரு கோடை முழுக்கப் பேருந்தில் தூங்கிப் போகிறாள். 22 வயதுக்கு மேல் அந்த வாய்ப்பும் கிடையாது. கை நிறைய வாசிக்கக் கொடுக்கிற இடமாகப் பாருங்கள்.