சித்திரைப் பிறப்பும் திஞ்ஜானும்: பிள்ளைகளோடு செய்த பலகாரம், கைவேலை பற்றிச் சொல்லுங்கள்

தாம்வே அம்மா (யாங்கூன்):

போன சித்திரைப் பிறப்புக்கு எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த பண்டிகைக்கு எனக்கு உதவும்.

எனக்கு இரண்டு பேர். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலரை. இருவருக்கும் தமிழ் புரியும், ஆனால் நான் தமிழில் கேட்டால் பதில் பர்மியத்தில்தான் வரும். பள்ளிக்கூடம், தெரு, விளையாட்டு எல்லாமே பர்மியம் என்னும்போது அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனாலும் எனக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

இங்கே ஏப்ரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் 13 முதல் 16 வரை திஞ்ஜான் என்கிற தண்ணீர்த் திருவிழா, 17 பர்மியப் புத்தாண்டு. அதற்கு நடுவில் 14ஆம் தேதி நம்முடைய வருசப் பிறப்பு. கடை கண்ணி எல்லாம் மூடிவிடும். வேண்டியதை 11ஆம் தேதிக்குள் வாங்கி வைக்காவிட்டால் ஒரு தேங்காய்க்குக்கூட அலைய வேண்டும். வெயிலோ மண்டையைப் பிளக்கும். நாங்கள் மூன்றாவது மாடியில் இருக்கிறோம், மின்சாரம் இருந்தால்தான் காற்றாடி. முந்தைய ஆண்டு சமையல் முடியட்டும் என்று இருவர் கையிலும் போனைக் கொடுத்து உட்கார வைத்தேன். இலை போட்டபோது இருவரும் தலையைத் தூக்கவில்லை. பச்சடியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த வருசம் இவர்கள் கை படாமல் அடுப்பில் எதுவும் ஏறக்கூடாது என்று.

சரி, முதலில் பானையிலிருந்து தொடங்கினோம். பர்மியர்கள் ‘அத்தா ஓ’ என்று ஒரு மண்பானையில் தண்ணீர் நிரப்பி, தபியே இலைக் கொத்தும் பூவும் செருகி வாசலில் வைப்பார்கள். தபியே நம் நாவல் மர இனம்தான். தஜாமின் பூமிக்கு இறங்குகிற நேரத்தில் அந்தத் தண்ணீரைத் தரையில் ஊற்றிக் கும்பிடுவது வழக்கம். தஜாமின் வேறு யாருமில்லை, நம் இந்திரன்தான். கீழ்வீட்டு ப்வாப்வா (எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர்தான் பாட்டி) பிள்ளைகளை மடியில் வைத்துக் கதை சொன்னார். தஜாமின் இரண்டு ஏடுகளோடு வருவாராம். நல்ல பிள்ளைகளின் பெயர் பொன்னேட்டில் ஏறும், சேட்டைக்காரர்களின் பெயர் நாய்த்தோல் ஏட்டில் ஏறும். சின்னவன் கண் இமைக்காமல் கேட்டான். அப்புறம் என்னிடம் ஓடிவந்து, தஜாமின் என் பேரைத் தமிழில் எழுதுவாரா, பர்மியத்தில் எழுதுவாரா என்று கேட்டான். நான், “நீ எப்படி எழுதிக் காட்டுகிறாயோ அப்படி” என்றேன்.

சுண்ணாம்பைக் குழைத்துக் கொடுத்தேன். பெரியவள் பானையின் ஒரு பக்கம் பர்மிய எழுத்தில் தன் பெயரை எழுதினாள், மறுபக்கம் தமிழில் எழுதினாள். சின்னவனுக்கு நான் விரலைப் பிடித்து முதல் எழுத்தை மட்டும் எழுதவைத்தேன். சுழி கோணலாகத்தான் வந்தது. பானை முழுக்கச் சுண்ணாம்புக் கைத்தடம். அப்படியே வாசலில் வைத்தோம்.

தென்னங்குருத்து வாங்கி வைத்திருந்தேன். தோரணத்துக்குப் போக மிஞ்சியதில் அப்பா எனக்குச் சொல்லித்தந்த பீப்பியைச் செய்து காட்டினேன். ஓலையிலிருந்து ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, நுனியைச் சிறிய குழலாகச் சுருட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் சரித்துக்கொண்டே போனால் கூம்பு மாதிரி விரியும். கடைசிச் சுற்று அவிழாமல் ஈர்க்குத் துண்டால் குத்த வேண்டும். சிறிய முனையை லேசாகத் தட்டையாக அமுக்கி ஊதினால் சத்தம் வரும். பெரியவளுக்கு நான்காவது ஓலையில்தான் சத்தம் வந்தது. வந்ததும் “அம்மா, ஊதுது! ஊதுது!” என்று கத்தினாள். தமிழில்! அவளாக!

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நான் இத்தனை நாள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் பொருள்களின் பெயர். இது நாற்காலி, இது ஜன்னல் என்று. பெயர்ச்சொல் அவர்களுக்குப் பர்மியத்தில் ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்று எதற்கு என்று நினைத்திருப்பார்கள். ஆனால் சுருட்டு, சரி, குத்து, ஊது, கிள்ளு, பிசை என்பதெல்லாம் கையோடு வருகிற சொற்கள். கை செய்துகொண்டிருக்கும்போது காதில் விழுந்தால் அது ஒட்டிக்கொள்கிறது.

மறுநாள் அதை நினைத்தே மாவுக்கு உட்கார்ந்தேன். திஞ்ஜானுக்கு மோன்லோன் யேபோ செய்யாத தெரு உண்டா? யேபோ என்றால் தண்ணீரில் மிதப்பது. நம் பூரணக் கொழுக்கட்டைக்குக் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம். ப்வாப்வாவின் அளவு: நாலு பங்கு ஒட்டரிசி மாவு, ஒரு பங்கு சாதா அரிசி மாவு, ஒரு சிட்டிகை உப்பு. வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசைய வேண்டும். கையில் ஒட்டவும் கூடாது, உருட்டினால் விரிசல் விடவும் கூடாது. நெல்லிக்காய் அளவு கிள்ளி, கட்டைவிரலால் குழி பண்ணி, நிலக்கடலை அளவு பனைவெல்லத் துண்டை வைத்து மூட வேண்டும். துண்டு போடுவது சின்னவன் வேலை. ஒன்று உருண்டைக்கு, ஒன்று வாய்க்கு என்று போட்டான். விட்டுவிட்டேன்.

அடுப்புப் பக்கம் நானும் ப்வாப்வாவும் மட்டும். பிள்ளைகள் இரண்டடி தள்ளி முக்காலியில். கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் உருண்டைகள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். சில நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒன்று அசையும், மெல்லத் திரும்பும், மேலே வந்து தலையைக் காட்டும். சின்னவன் “மிதக்குது” என்றான். அந்தச் சொல்லை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. பீப்பி செய்த அன்று வாளியில் ஓலைத்துண்டைப் போட்டு நானும் பெரியவளும் பேசியதைக் கேட்டிருக்கிறான் போல. பிறகு ஒவ்வொன்று மேலே வரும்போதும் ஒண்ணு மிதக்குது, ரெண்டு மிதக்குது என்று இருபத்திமூன்று வரை எண்ணினான். பதினேழுக்குப் பிறகு வரிசை மாறிவிட்டது, ஆனால் மொழி மாறவில்லை.

வாய் சரியாக மூடாத உருண்டைகளிலிருந்து வெல்லம் கரைந்து தண்ணீர் பழுப்பாகிவிட்டது. அவை இவர்கள் இருவரும் பிடித்தவை. ஒன்றையும் தனியே ஒதுக்கவில்லை. எல்லாம் ஒரே தட்டில், மேலே தேங்காய்ப்பூ.

ஒரு உருண்டையில் வெல்லத்துக்குப் பதில் பச்சைமிளகாய் வைப்பது இங்கே வழக்கம். பெரியவள் வைத்தாள். அது ப்வாப்வாவுக்கே போனது. அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு முழுசாகத் தின்றுவிட்டு, எனக்கு இந்த வருசம் முழுக்க அதிர்ஷ்டம் என்றார்.

சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இரண்டை மறக்காதீர்கள். உருண்டை மேலே ஆறிப்போன மாதிரி இருக்கும், உள்ளே உருகிய வெல்லம் நெருப்பு. முந்தி ஒருமுறை சின்னவன் அவசரப்பட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டான், அதனால் இப்போது பத்து நிமிடம் ஆறவிட்டுப் பிட்டுப் பார்த்துத்தான் தருகிறேன். அப்புறம் ஒட்டரிசி தொண்டையில் அடைக்கும். ஐந்து வயசுக்குள் என்றால் நாலாக நறுக்கி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுங்கள்.

14ஆம் தேதி இலையில் மாங்காய்ப் பச்சடி. மாங்காய்த் துண்டுகளைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டதும், வேப்பம்பூவைத் தூவியதும் அவர்கள். கசப்பு நாக்கில் பட்டதும் சின்னவன் முகம் சுளித்தான், ஆனால் தான் தூவிய பூ என்பதால் துப்பவில்லை. கீழே தெருவில் யாரோ படாவ் பூக்கொத்து கொண்டுவந்து தந்தார்கள். கோடை மழை ஒன்று பெய்ததும் ஒரே நாளில் மரமெல்லாம் மஞ்சளாகப் பூத்து உதிரும் அதே பூ. நம் வேங்கை மரத்தின் இனம். அதையும் பானையில் செருகினோம்.

---

மோல்மேன் தாத்தா:

மகளே, படித்து மனசு நிறைந்துவிட்டது. ஊது, கிள்ளு, பிசை என்று எழுதியிருந்தாயே, அது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் வீட்டில் அது புடை என்கிற சொல்லில் நடந்தது.

தை மாதம் பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் இங்கே டபோட்வே மாதப் பௌர்ணமி வரும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து டமனே என்கிற பலகாரம் கிளறுவார்கள். ஒட்டரிசி, எள், நிலக்கடலை, தேங்காய், இஞ்சி, எண்ணெய். பெரிய இரும்புச் சட்டியில் இரண்டு ஆண்பிள்ளைகள் எதிரெதிரே நின்று துடுப்பு மாதிரி மரக்கரண்டியால் கிளற வேண்டும், வியர்த்துக் கொட்டும். பிள்ளைகளுக்கு அங்கே வேலை இல்லை, சட்டி அருகே விடவும் மாட்டார்கள். என் பேத்தி ஆறு வயது, ஓரமாக நின்று ஏங்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வறுத்த கடலையை நான் வாங்கி வந்து முறத்தில் கொட்டினேன். உள்ளங்கையால் தேய்த்தால் தோல் கழன்று வரும். முறத்தை லேசாக மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து, வாயால் ஊதினால் தோல் பறக்கும். “இப்படிப் புடைக்கணும்” என்று காட்டினேன். முதல் தடவை கடலையே பறந்து முற்றம் பூராவும் சிதறியது. பொறுக்கிக்கொண்டே சிரித்தாள். மூன்றாம் தடவை அழகாகப் புடைத்தாள். பக்கத்துப் பர்மியப் பிள்ளைகள் நாலு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவளே அவர்களுக்கு ஆசிரியை. “புடை, புடை” என்று அவள் சொல்ல, அந்தப் பிள்ளைகளும் புடை, புடை என்றன. அந்தத் தெருவில் தமிழ்ச் சொல் ஒன்றைப் பர்மியப் பிள்ளைகள் வாயில் அன்றைக்குத்தான் நான் கேட்டேன்.

அந்த முறம் என் அம்மாவுடையது. 1964க்குப் பிறகு என் அண்ணன்கள் கப்பலேறிச் சென்னைக்குப் போனபோது அம்மா சாமான்களைப் பிரித்துக்கொடுத்தார். முறம் மட்டும் இங்கேயே இருக்கட்டும் என்றார், காரணம் சொல்லவில்லை. விளிம்பில் துணி தைத்துத் தைத்து வைத்திருக்கிறேன்.

---

பகோ தங்கச்சி:

அக்கா, எனக்கு ஒரே பையன், மூன்று வயது. நீங்கள் சொல்வது போல மாவு பிசைய அவனுக்குப் பொறுமை இல்லை. அவனுக்குப் பிடித்தது விளக்கு. மழைக்காலம் முடிந்து தடின்ஜூ என்கிற விளக்குத் திருவிழா வரும்போது மூங்கில் குச்சியில் வண்ணக் காகிதம் ஒட்டி மீன், முயல், நட்சத்திரம் என்று கூண்டு விற்பார்கள் அல்லவா? அது பௌர்ணமி. அங்கிருந்து பதினைந்து நாள் போனால் அமாவாசை, நம் தீபாவளி. நான் கூண்டை வாங்காமல் அவனோடு செய்யலாம் என்று மூங்கில் குச்சியைக் கட்டி ஒரு மீன் பண்ணினேன். அவன் வேலை பசை தடவுவது. மைதா மாவுப் பசைதான், வாயில் வைத்தாலும் பயமில்லை. உள்ளே மெழுகுவத்தி வேண்டாம் என்று பேட்டரி விளக்கு வைத்தேன்.

தடின்ஜூவுக்குப் பெரியவர்களைக் கும்பிட்டுக் ‘கடோ’ செய்வார்களே, அதற்கு நாங்கள் வீட்டு உரிமையாளர் அம்மாவிடம் போனபோது மீனையும் எடுத்துக்கொண்டு போனான். தீபாவளி வரை அதை அணைக்கவே விடவில்லை. தீபாவளிக்கு முறுக்கு பிழியும்போது அச்சைத் திருக அவனுக்குப் பலம் போதவில்லை, ஆனால் என் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு “திருகு, திருகு” என்றான். காகிதத்தில் பிழிந்துவைத்தோம், எண்ணெயில் போட்டது நான்.

ஒரு சந்தேகம். ஒட்டரிசி மாவு எனக்கு எப்போதும் பிசினாகிவிடுகிறது. என்ன செய்யட்டும்?

---

தாம்வே அம்மா:

தாத்தா, அந்த முறத்தைப் பற்றிப் படித்துவிட்டு எழுந்துபோய் என் அம்மாவின் இட்லித் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். புடைக்கிறது எனக்கே சரியாக வராது. மோல்மேன் பக்கம் வந்தால் பிள்ளைகளைக் கூட்டி வருகிறேன், பேத்தியிடம் கற்றுக்கொள்ளட்டும்.

தங்கச்சி, தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுகிறாய் என்று நினைக்கிறேன். ஒட்டரிசி மாவு முதலில் தண்ணீரைக் குடிக்காத மாதிரி இருக்கும், இன்னும் ஊற்றத் தோன்றும், அங்கேதான் தவறுவோம். தெளித்துப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிப் பத்து நிமிடம் விட்டுப் பார். ஏற்கெனவே பிசினாகிவிட்டதென்றால் சாதா அரிசி மாவை ஒரு கை தூவி மறுபடி பிசை. தட்டிலும் உள்ளங்கையிலும் அதே மாவைத் தொட்டுக்கொள். மூன்று வயசுக்காரனுக்கு உருட்ட வேண்டாம், ஒரு சின்ன உருண்டையைக் கொடுத்து நசுக்கச் சொல். அதுவும் வெந்ததும் மிதக்கும். வெல்லம் இல்லாமல் தேங்காய்ப்பூ தூவிச் சின்னதாக நறுக்கிக் கொடு.