ஒரே பெயரில் இரண்டு ஏஎன்ஏ

லேப் சோதனைகளுக்கு லாயிங்க் (LOINC) எண், அதாவது எல்லா லேப்களுக்கும் பொதுவான குறியீட்டு எண், போடும் வேலையில் எனக்கு விழுந்த முதல் அடி ஏஎன்ஏ-யில்தான். உடலின் சொந்த செல் கருக்களையே தாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் ரத்தச் சோதனை அது.

எங்கள் இரண்டு கிளைகளின் பட்டியலிலும் அந்தச் சோதனைக்கு ஒரே பெயர். தேடியதும் 8061-4 வந்தது: சீரத்தில் (ரத்தத்தின் தெளிந்த நீரில்) அந்த ஆன்டிபாடி உண்டா, இல்லையா. முறை எது என்ற இடம் காலி. சரி, பொருந்துகிறதே என்று இரண்டுக்கும் அதையே போட்டுவிட்டேன்.

சில வாரங்களில் மூட்டுவாத மருத்துவர் ஒருவர் போன் செய்தார். "என்னப்பா, பதினைந்து நாளில் ஏஎன்ஏ காணாமல் போகுமா?" திரையில் ஒரே வரிசையில் முதலில் 1:160 (சீரத்தை அவ்வளவு நீர்த்தும் பாசிட்டிவ்), அடுத்தது நெகட்டிவ். விசாரித்தால், ஒரு கிளையில் ஹெப்-2 என்ற மனித செல்கள் உள்ள ஸ்லைடில் சீரத்தை விட்டு, ஒளிர்வதை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். இன்னொன்றில் எலைசா, அதாவது நிறமாற்றத்தை மெஷின் அளக்கும் கிட் சோதனை. அந்த கிட்டில் குறிப்பிட்ட சில ஆன்டிஜென்கள்தான் உண்டு. ஸ்லைடில் தெரிவது அதில் நழுவலாம். லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய்க்கான 2019 வகைப்பாடு ஹெப்-2 செல்லில் குறைந்தது 1:80, அல்லது அதற்கு ஈடான பாசிட்டிவ் இருந்தால்தான் உள்ளேயே விடும். அவர் பதறியதில் தப்பில்லை. உண்டு-இல்லை எண்ணுக்குள் 1:160 போன்ற நீர்ப்பு அளவை, அதாவது டைட்டரை, திணித்தது என்னுடைய இரண்டாவது தப்பு. ஸ்லைடுக்கு 5048-4 என்று மாற்றினேன். அது இம்யூனோஃப்ளூரசன்ஸ் முறை, டைட்டர் அளவு. எலைசாவுக்கு வேறு எண்.

சூடுபட்ட பூனையாக, அடுத்து, வேதிவினையில் எழும் ஒளியை அளக்கும் கெமிலுமினசென்ஸ் சோதனைகளுக்கும் லாயிங்கில் தனி முறை தேடினேன். கிடைக்கவில்லை. அதுவும் எலைசாவும் இம்யூனோஅஸே என்ற ஒரே குடைக்குள். சில நிமிடங்களில் கோடு காட்டும் ரேபிட் கார்டுக்கு மட்டும் தனிப் பிரிவு. முடிவுக்கு மருத்துவ ரீதியில் கொள்ளும் பொருள் மாறினால்தான் முறையைப் பிரிப்பார்கள். மெஷின் மாறினால் அல்ல. எனக்கு இதில் பாதிதான் சம்மதம். ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிபாடிக்குச் சர்வதேச யூனிட் இருக்கிறது; கிட் மாறினாலும் ஓரளவு ஒப்பிடலாம். ஆனால் வெறும் இண்டெக்ஸாக, அதாவது கிட்டின் சொந்த அளவுகோலில், வரும் சோதனைகளில் ஒரு கிட்டின் 2-உம் இன்னொன்றின் 2-உம் ஒன்றில்லை. ஒரே எண் என்பதால் மென்பொருள் இரண்டையும் ஒரே கோட்டில் வரைந்துவிடும். அதனால் கிட்டின் பெயரைத் தனிப் புலத்தில் வைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் பட்டியலை நம்பி எண் போடுவதில்லை. டெக்னீஷியனிடம் போய் கிட்டுக்குள் இருக்கும் தாளை வாங்கிப் பார்க்கிறேன். போன மாதம் அப்படிப் போனபோதுதான், எலைசா என்று எழுதியிருந்த டெங்கு ஐஜிஎம் ஆறு மாதமாக ரேபிட் கார்டில் ஓடுவது தெரிந்தது.