அக்யூரசி, பிரிசிஷன்: தமிழில் எப்படிப் பிரித்து எழுதுவது?

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை இயற்பியல் செய்முறைக் குறிப்பேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். அதில் அடுத்தடுத்து வரும் அக்யூரசி, பிரிசிஷன் ஆகிய இரண்டையுமே பொதுவழக்கில் ‘துல்லியம்’ என்று சொல்லிவிடுகிறோம் என்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

100 கிராம் படிக்கல்லை மின்னணுத் தராசில் மும்முறை வைக்கும்போது 103.1, 103.2, 103.1 என்று காட்டினால், அளவுகள் ஒன்றோடொன்று நெருங்கியிருப்பதால் பிரிசிஷன் உண்டு. உண்மை எடையிலிருந்து விலகியிருப்பதால் அக்யூரசி இல்லை. இன்னொரு தராசு 98, 102, 100 என்று காட்டினால் சராசரி சரியாகவே வருகிறது, ஆனால் அளவுகள் சிதறுகின்றன. முன்னதை அளவுதிருத்தம் (காலிபரேஷன்) செய்து சரிப்படுத்தலாம். பின்னதில் பலமுறை அளந்து சராசரி எடுத்துத்தான் சமாளிக்க வேண்டும். மாணவருக்குப் புரிய வேண்டிய இந்த வேறுபாட்டை ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்ற முடியாது.

இது போதாதென்று, 1994-இல் வெளிவந்த, அளவீட்டு முறைகளுக்கான ஐஎஸ்ஓ 5725 என்ற பன்னாட்டுத் தரநிலை, சராசரி உண்மை மதிப்பை நெருங்குவதை ட்ரூனெஸ் என்று தனியே பிரித்து, அக்யூரசியை அதற்கும் பிரிசிஷனுக்கும் பொதுப்பெயராக்கிவிட்டது. ஆகவே மூன்றாவதாகவும் ஒரு சொல் வேண்டியிருக்கிறது.

பிரிசிஷனை ‘நுட்பம்’ என்று எழுதுவோர் உண்டு. எனக்கோ அது கருவியின் வேலைப்பாட்டைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. ‘ஒருசீர்மை’ பொருந்துமா? ஆய்வகத்திலோ அளவுதிருத்தப் பணியிலோ இருப்பவர்கள், தங்களிடையே புழங்கும் சொற்களை ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்துடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.