பாக்ஸிங் தெரிஞ்சவர் எம்.எம்.ஏ.வுக்கு ரெஸ்லிங் சேர்ப்பது எப்படி?

கேள்வி – இடதுகை ஜேப்:
பாக்ஸிங் அடிப்படை கைவசம் இருக்கு. அமெச்சூர் எம்.எம்.ஏ.வுக்கு (குத்து, உதை, ரெஸ்லிங்னு மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைப் போட்டி) வாரம் ஐந்து நாள் ஒதுக்க முடியும். நிக்கிற ஸ்டான்ஸை மாத்தியே ஆகணுமா? மாத்தினா கிராஸோட (பின்கையால போடுற நேர்க் குத்து) வேகம் போயிடுமே. அப்புறம், ஸ்ப்ரால் (காலைப் பிடிக்க வர்றவர்மேல, நம்ம காலைப் பின்னால தள்ளி எடையைப் போட்டுத் தடுக்கிறது) மட்டும் நல்லாப் பழகினா போதாதா? டேக்டவுன் (எதிராளியைக் கீழே விழவைக்கிறது) போடவும் கத்துக்கணுமா?

பதில் – மேட் வாசி:
மாத்தணும் ப்ரோ. பாக்ஸிங்கில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முன்கால் விரலை உள்ளே மடக்கி நிற்போம். இங்கே அந்த முன்கால் எதிராளிக்கு எடுத்துக் கொடுத்த கைப்பிடி மாதிரி. சிங்கிள் லெக்குக்கும் (ஒரு காலைப் பிடிச்சு விழவைக்கிறது) சுலபம், கெண்டைக்கால் உதைக்கும் சுலபம். விரலை எதிராளி பக்கம் திருப்பி, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலை மடக்கி நில்லுங்க. கிராஸ் எட்டும் தூரம் கொஞ்சம் குறையும். அதைப் பொறுத்துக்கத்தான் வேணும்.

கிளவுஸையும் மறக்காதீங்க. 16 அவுன்ஸ் கிளவுஸில் முகத்தை மூடி நின்றால் குத்து அதிலேயே நின்றுவிடும். எம்.எம்.ஏ.வோட 4 அவுன்ஸில் இடுக்கு வழியா உள்ளே வரும். அதனால் மூடுவதைவிட, குத்து வரும் கையைத் தட்டிவிடுவதும் ஓரடி விலகுவதும்தான் காப்பாற்றும். இடுப்பை வளைத்துக் குனியும் பழக்கத்தை உடனே விடுங்க, குனிந்த முகத்துக்கு முழங்கால் காத்திருக்கும்.

பதில் – கணுக்கால் பிடி:
ஸ்ப்ரால் மட்டும் போதாது. 2010-ல் பாஸ்டனில் நடந்த யு.எஃப்.சி. 118 எம்.எம்.ஏ. போட்டியைப் பாருங்க. பல எடைப்பிரிவுகளில் உலக சாம்பியனா இருந்த பாக்ஸர் ஜேம்ஸ் டோனியை எதிர்த்து, ரெஸ்லிங்கிலிருந்து எம்.எம்.ஏ.வுக்கு வந்த ரேண்டி கூச்சூர். கூச்சூர் இடுப்புக்கு வரவே இல்ல, கணுக்காலுக்குப் போயிட்டார். நம்ம கபடியில் பிடிக்கிற அதே கணுக்கால்தான். முதல் ரவுண்டிலேயே ஆர்ம் டிரையாங்கிள் (கையோட சேர்த்துக் கழுத்தை நெரிக்கிற பிடி), டோனி தோல்வியை ஒத்துக்கிட்டுத் தட்டிட்டார். விழுந்தபிறகு எழுந்திருக்கத் தெரியாததுதான் அங்கே பெரிய ஓட்டை.

அதனால வரிசை இப்படி: முதல்ல எழுந்திருக்கிறது, அடுத்து தடுக்கிறது, கடைசியா டேக்டவுன் போடுறது. கேஜ் (சண்டை நடக்கிற கூண்டு) ஓரம் விழுந்தா முதுகைச் சுவரில் சாய்ச்சு உக்காருங்க. ஒரு பக்கம் அண்டர்ஹுக் போட்டு (எதிராளி அக்குளுக்கு அடியில் கையை நுழைச்சுப் பிடிச்சு), மறுகையை ஊன்றி, ஒரு காலை இடுப்புக்கு அடியில் இழுத்து எழுந்திருங்க. உங்க தலை எதிராளி தாடைக்கு அடியில் இருக்கணும். மேலே ஏறினா அண்டர்ஹுக் தளர்ந்துடும்.

ஸ்ப்ராலில் எல்லாரும் பண்ற தப்பு, காலை மட்டும் பின்னால வீசுறது. எடை இறங்க வேண்டியது இடுப்பு வழியா, அவர் தோள்மேல. தடுத்ததும் அங்கேயே படுத்திருக்காதீங்க. தலையை அமுக்கிப் பக்கவாட்டில் சுத்தி எழுந்து, உடனே ரெண்டு குத்து. இதைப் பழக 3 நிமிஷ ரவுண்ட், பார்ட்னர் எப்ப ஷூட் பண்ணுவார்னு (காலுக்குப் பாய்வார்னு) சொல்லக் கூடாது.

பதில் – பழைய லங்கோடு:
மேலே சொன்ன வரிசையில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. டேக்டவுனைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். நீங்கள் காலுக்கு வரலாம் என்ற பயம் இருந்தால்தான் எதிராளி கை இறங்கும், உங்கள் குத்தும் விழும். யு.எஃப்.சி. முன்னாள் சாம்பியன் ஜார்ஜ் செயின்ட் பியர், ஜேபையும் (முன்கையால் போடும் நேர்க் குத்து) டபுள் லெக்கையும் (இரண்டு காலையும் பிடித்து விழவைப்பது) கலந்த விதமே பாடம். ஜேப் போட்டுப் பின்வாங்காமல், அதே மூச்சில் முழங்காலை மடக்கி இறங்குங்கள். கை எட்டாத தூரத்திலிருந்து பாய்ந்தால் எதிராளியின் முழங்காலில் உங்கள் முகம் மோதும்.

மல்யுத்தப் பயிற்சியாளரிடம் போகும்போது இரண்டை வடிகட்டிக்கொள்ளுங்கள். தோள் மேட்டில் (விரிப்பில்) படக் கூடாதென்று குப்புறத் திரும்புவது அங்கே சரி, இங்கே முதுகைக் கொடுத்துக் கழுத்து நெரிபடுவீர்கள். காலுக்கு இறங்கும்போது தலையை எதிராளி உடம்புக்கு வெளிப்பக்கம் தாழ்த்திப் பிடித்தால் கில்லட்டின் (முன்பக்கமிருந்து கழுத்தை நெரிக்கும் பிடி).

வாரக் கணக்கு: இரண்டு நாள் ரெஸ்லிங், இரண்டு நாள் புது ஸ்டான்ஸில் பாக்ஸிங், ஒரு நாள் இரண்டையும் கலந்து ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை). கலப்பு நாளுக்கு 7 அவுன்ஸ் கிளவுஸ், பாதி வேகம் போதும்.

இடதுகை ஜேப்:
நன்றி அண்ணா. மேட்டில் உரசி காது வீங்குதே, அதுக்கு?

பழைய லங்கோடு:
இயர்கார்டு போடுங்கள். ரத்தம் கட்டிவிட்டால் ஊசி குத்தி நீங்களே எடுக்காதீர்கள், அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். விட்டால் காது அப்படியே இறுகிவிடும். படர்தாமரை இருந்தால் குணமாகும்வரை மேட் பக்கம் வராதீர்கள், தயவுசெய்து.