கவர் வெர்ஷன்: ‘வழிப்பாடல்’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன். ஒருவர் பாடி வெளியிட்ட பாட்டை இன்னொருவர் பாடி வெளியிடுவதை ஆங்கிலத்தில் ‘கவர் வெர்ஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் இதுவரை மறுபாடல், மீளிசை, நகல்பாடல், உறைப்பாடல் என்று நான்கு சொற்கள் வந்துள்ளன. என் பரிந்துரை ‘வழிப்பாடல்’. ஆனால் ஆங்கிலத்தில் ‘கவர்’ என்ற அந்த ஒரே சொல் இரண்டு வேறு செயல்களைக் குறிக்கிறது. தமிழில் அவற்றுக்கு இரண்டு சொற்கள் வேண்டும் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

> கவர் என்றால் உறைதானே? உறைப்பாடல் என்பது நேரடியாக இருக்குமே?

இல்லை ஐயா, உறைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரு நிறுவனத்தின் இசைத்தட்டு விற்கத் தொடங்கியதுமே, அதே பாட்டை இன்னொரு நிறுவனம் தன் பாடகர்களை வைத்து அவசரமாகப் பதிந்து சந்தையில் இறக்கும். 1950களில் அமெரிக்க இசை வணிகத்தில் ‘கவர்’ என்று சொன்னது அதைத்தான். தவிர, ‘உறைப்பு’ என்றால் காரம் என்ற பொருளும் குறுக்கே வரும்.

எடுத்துக்காட்டுகளை டூ-வாப் பாடல்களிலிருந்தே தருகிறேன். எனக்கு உயிரான இசை அது. ‘கவர்’ என்ற சொல்லின் இரண்டு பொருளையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடியும். அமெரிக்க நகரங்களின் தெருமுனைகளில் கறுப்பின இளைஞர்கள் நாலைந்து பேராகக் கூடி வளர்த்த குழுப்பாட்டு அது. ஒருவர் பாட, மற்றவர்கள் ‘டூ-வாப்’, ‘ஷ-பூம்’ என்று பொருளில்லாத ஒலிகளால் வாத்தியத்தின் வேலையைச் செய்வார்கள். அந்த ஒலிகளை ‘இசையசை’ என்று சொல்லிப் பார்க்கலாம். அதைத் தனி இழையில் பேசுவோம்.

1954இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த ‘தி கார்ட்ஸ்’ குழு ஒரு தட்டு வெளியிட்டது. முன்பக்கத்தில், பாட்டி பேஜ் என்ற வெள்ளையினப் பாடகி பாடிப் புகழ்பெற்ற ஒரு பாட்டைத் தாங்கள் பாடியிருந்தார்கள். தாங்களே எழுதிய ‘ஷ-பூம்’ பின்பக்கத்தில் இருந்தது. கேட்டவர்களுக்கோ பின்பக்கம்தான் பிடித்துப்போயிற்று. அதே ஆண்டில் கனடாவின் ‘குரூ கட்ஸ்’ என்ற வெள்ளையினக் குழு அதைப் பாடி வெளியிட்டது. அமெரிக்காவில் புகழ்பெற்ற பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதலிடம் போனது அந்தத் தட்டு. அடுத்த ஆண்டு ‘பெங்குவின்ஸ்’ என்ற கறுப்பினக் குழுவின் ‘எர்த் ஏஞ்சல்’ பாட்டையும் குரூ கட்ஸ் குழுவினர் பாடி வெளியிட்டார்கள்.

வெள்ளையினக் கேட்பவர்களுக்கான வானொலி நிலையங்கள் பல, கறுப்பினக் குழுக்களின் தட்டுகளைப் போடாமல் இருந்த காலம் அது. சட்டமும் கைகொடுக்கவில்லை. பாட்டை எழுதியவருக்கு உரிமை இருந்தது. உரிமத்தொகை கட்டினால் யார் வேண்டுமானாலும் அதைப் பதியலாம். ஆனால் அதைப் பாடிய விதத்துக்கு, குரல்களை அடுக்கிய விதத்துக்கு, யாருக்கும் உரிமை இல்லை. கறுப்பினப் பாடகி லாவர்ன் பேக்கர் பாடிய ‘ட்வீடில் டீ’யை வெள்ளையினப் பாடகி ஜார்ஜியா கிப்ஸ் அப்படியே பாடி அதிகம் விற்றபோது, இதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று பேக்கர் 1955இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரிடமே முறையிட்டார். இந்தச் செயலுக்கு ‘போட்டிப்பதிவு’ என்று பெயர் வைப்போம். இதற்கு அழகான சொல் வேண்டாம். நடந்தது என்னவென்று சொல்கிற சொல் போதும்.

இனி இரண்டாவது பொருள். மூலப்பாட்டின் மேல் மதிப்புக் கொண்டு, ஆண்டுகள் கழித்து, தன் வழியில் பாடுவது. இதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு சட்டகம் இருக்கிறது. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று வகுக்கிறது நன்னூல். முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துப்போய், ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ கூறுவது வழிநூல். நல்ல கவர் வெர்ஷனுக்கு இதைவிடச் சரியான இலக்கணத்தை நான் எங்கும் படித்ததில்லை.

‘ஸ்டே’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாரிஸ் வில்லியம்ஸும் ஸோடியாக்ஸ் குழுவும் 1960இல் பாடியது. ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றே கூட ஓடும். பில்போர்டில் முதலிடம் பிடித்தவற்றிலேயே மிகச் சிறியது. இன்னும் கொஞ்சம் நேரம் இரு, அப்பா அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று ஒருவன் காதலியிடம் கெஞ்சுகிறான். 1977இல் ஜாக்சன் பிரவுன் இதை மேடையில் பாடியபோது கெஞ்சுவது காதலியிடம் அல்ல, கச்சேரி கேட்க வந்த கூட்டத்திடம். அப்பா அம்மா இருந்த இடத்தில் நிகழ்ச்சி அமைப்பாளரும் தொழிற்சங்கத்தாரும் வருகிறார்கள். மெட்டு அதேதான், கெஞ்சலும் அதேதான். பின்னோன் வேண்டிய விகற்பம் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. உச்சக்குரல் பகுதிக்கு அவர் குழுவின் டேவிட் லிண்ட்லி வரும்போது கூட்டம் எழுப்பும் ஆரவாரத்தைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த வழிப்பாடல் இது.

‘ஃபிளமிங்கோஸ்’ குழு 1959இல் பாடிய ‘ஐ ஒன்லி ஹேவ் ஐஸ் ஃபார் யூ’வும் அப்படித்தான். 1934ஆம் ஆண்டின் திரைப்பாடல் அது. எதிரொலிக்குள் மிதந்து வரும் அந்த ‘ஷ-பாப் ஷ-பாப்’ மூலத்தில் கிடையாது. இன்று பலர் ஃபிளமிங்கோஸ் பாடியதையே மூலம் என்று நினைக்கிறார்கள். வழிநூலே முதல்நூல் போல நின்றுவிடுவதும் உண்டு அல்லவா?

> ‘மறுபாடல்’ எளிமையாக இருக்கிறதே. ஏன் விட வேண்டும்?

விட வேண்டாம் அம்மா, வேறொன்றுக்கு வைத்துக்கொள்வோம். மறுமொழி, மறுகடிதம் என்கிறோம். மறுபாடல் என்றால் ஒரு பாட்டுக்குப் பதிலாக வந்த பாட்டு என்றுதான் எனக்குக் காதில் விழுகிறது. அந்த வகையும் உண்டு. ‘வேலை தேடு’ என்று வீட்டில் நச்சரிப்பதைச் சொல்லும் ‘கெட் எ ஜாப்’ பாட்டை ‘சிலூவெட்ஸ்’ குழு பாட, ‘வேலை கிடைத்துவிட்டது’ என்று 1958இல் ‘மிராக்கிள்ஸ்’ பதில் பாடினார்கள். மறுபாடல் அதுதான்.

‘வழிப்பாட்டு’ என்று எழுதினால் ‘வழிபாட்டு’ என்று படித்துவிடுவார்கள் என ஒரு நண்பர் தனிமடலில் எச்சரித்தார். சரியான எச்சரிக்கை. அதனால்தான் ‘பாட்டு’ வேண்டாம், ‘பாடல்’ என்றே வைத்துக்கொள்வோம் என்கிறேன். வழிநடைப்பாடலோ என்று சிலர் முதலில் மயங்கலாம். மூலத்தை ‘முதற்பாடல்’ என்று பக்கத்திலேயே எழுதினால் அந்த மயக்கம் வராது.

> வினைச்சொல்லாக எப்படி ஆள்வது? ‘கவர் பண்ணினார்’ என்பதற்கு?

புதுச்சொல்லே வேண்டியதில்லை. ‘எடுத்துப் பாடினார்’ போதும். கச்சேரியில் ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொண்டார் என்று நாம் சொல்லும் வழக்கம்தான். எழுதிப் பார்க்கிறேன்: ‘ஃபைவ் சாட்டின்ஸ் குழு நியூ ஹேவனில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் பதிந்து 1956இல் வெளியிட்ட பாட்டை, பாய்ஸ் டூ மென் 1992இல் எடுத்துப் பாடினார்கள். முதற்பாடலின் நடுவில் வரும் சாக்ஸபோன் வழிப்பாடலில் இல்லை, முழுவதும் குரல்தான்.’

தடையில்லாமல் படிக்க முடிகிறதா என்று சொல்லுங்கள். முடிந்தால் போட்டிப்பதிவு, வழிப்பாடல், மறுபாடல் மூன்றையும் தனித்தனிப் பதிவாக நம் கலைச்சொல் தொகுப்பில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.