1810 வாக்கிலான ரீஜென்சி கவுன், முழுக்கக் கைத்தையல்: கையை நீட்டினால் இடுப்பு மேலே ஏறுகிறது

வெள்ளைமல்:

1810 வாக்கில் இங்கிலாந்தில் அணிந்த பகல்நேர கவுன் ஒன்றை மெஷினே தொடாமல் தைக்கிறேன். துணி 44 அங்குல அகல வெள்ளை மல், அதாவது மெல்லிய பருத்தித் துணி. மேற்பாகத்துக்குள் மெல்லிய லினன் லைனிங். பின்பக்கம் திறந்து, கழுத்திலும் இடுப்பிலும் நாடாவால் கட்டும் வகை. மேற்பாகத்தில் நீளக் கையை இணைத்தாயிற்று. பாவாடைப் பாகத்தை இன்னும் வெட்டவில்லை.

சிக்கல் இதுதான்: கையை முன்னால் நீட்டினாலே இடுப்புப் பட்டி 4 செ.மீ. ஏறி மார்பின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. தளர்வாக இருக்கட்டும் என்று ஆர்ம்ஹோலை (கவுனின் கை இணையும் வளைவை) அக்குள் பக்கம் 2 செ.மீ. இறக்கி வெட்டினேன். முன்பைவிட மோசமாகிவிட்டது. இப்போதைக்குச் சாதாரண பிராவின் மேல்தான் அளவு பார்க்கிறேன், ஸ்டேஸ் (மார்பைத் தாங்கும் அக்கால உள்ளாடை) கடைசியில் தைக்கலாம் என்று.

இன்னும் இரண்டு கேள்விகள். பாவாடையின் பின்சுருக்கத்தைப் பழைய படுக்கைவிரிப்பில் ஒத்திகை பார்த்தால் தடித்த உருளை போல வெளியே தள்ளுகிறது. மல்லிலும் அப்படித்தான் வருமா? பாலியஸ்டர் நூல் பத்துத் தையலுக்கு ஒருமுறை முறுக்கி முடிச்சு விழுவது எதனால்?

ஊசிக்கண்:

பாவாடையை வெட்டாமல் நிறுத்தியது நல்லது. மேற்பாகத்தின் அளவே மாறப்போகிறது.

முதலில் ஸ்டேஸ். கவுனின் இடுப்புக்கோடு மார்புக்கு நேர் கீழே வர வேண்டும், ஆனால் அந்த இடம் எது என்பதை முடிவு செய்வது ஸ்டேஸ்தான். இன்றைய பிரா மார்பை உருண்டையாக முன்னால் சேர்த்துக் காட்டும். அக்கால ஸ்டேஸ் கீழிருந்து ஏந்தி, மேலே தூக்கி, இரண்டாகப் பிரித்து நிறுத்தும். அதைப் போட்டதும் இடுப்புக்கோடு 2, 3 செ.மீ. இடம் மாறும். ஆகவே வரிசை: ஷிஃப்ட் (உடலை ஒட்டி அணியும் உள்ளங்கி), ஸ்டேஸ், உள்பாவாடை, அதன் பிறகே கவுன். குட்டை ஸ்டேஸ் போதும். கெட்டியான ட்வில் பருத்தி இரண்டு அடுக்கு, ஒவ்வொரு பக்கமும் மார்புக்கு இரண்டு முக்கோணத் துண்டுகள். கிழிவதென்றால் அந்த முக்கோணத்தின் கீழ்முனைதான் முதலில் கிழியும். வெட்டிய உடனே அங்கே நெருக்கமாகச் சுற்றித் தைத்துவிடுங்கள். கயிறு கோக்கும் துளைகளைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். குத்தூசியால் இழைகளை விலக்கித் துளையாக்கி, மெழுகு தடவிய லினன் நூலால் சுற்றிலும் 14, 16 தையல் போடுங்கள். இழை அறுபடாமல் விலகி மட்டும் இருப்பதால் துளை பெரிதாகாது. உலோக வளையம் 1810க்குப் பொருந்தவும் செய்யாது.

ஸ்டேஸைப் போட்டுக்கொண்டு, மார்புக்கு அடியில் ஒரு நாடாவைக் கிடைமட்டமாகக் கட்டி, எல்லா அளவையும் அந்த நாடா வரைக்கும் எடுங்கள். அக்குளிலிருந்து நாடா வரை பெரும்பாலும் 8 முதல் 10 செ.மீ.தான் வரும். உங்கள் சிக்கலுக்குக் காரணம் இந்தச் சின்ன அளவுதான்.

கையைத் தூக்கினால் அக்குளில் உள்ள துணியும் சேர்ந்து எழும். இன்றைய சட்டையில் பக்கத் தையல் 40 செ.மீ. நீளம் ஓடுவதால் அந்த இழுப்பு வழியிலேயே கரைந்துவிடும். இங்கே 8 செ.மீ. கீழே இடுப்புப் பட்டி காத்திருக்கிறது. இழுப்பு நேராக அதற்குத்தான் போகும். ஆர்ம்ஹோல் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு துணி கையோடு எழுந்தாக வேண்டும். அதனால்தான் 2 செ.மீ. இறக்கியதும் மோசமானது. அக்குளை ஒட்டியே ஆர்ம்ஹோல் இருந்தால் மூட்டு திரும்புமே தவிர மேற்பாகம் நகராது. கையைத் தொங்கவிட்ட நிலையில் அக்குளுக்கும் துணிக்கும் இடையே ஒரு விரல் படுக்கையாக நுழைந்தால் சரி, அதற்குமேல் இடைவெளி வேண்டாம். முதலில் போட்டுப் பார்க்கும்போது உறுத்தும். தையலுக்கு விட்ட ஓரத்தை 6 மி.மீ. ஆகக் குறைத்து, வளைவில் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்த பிறகே இறுக்கமா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்தது முதுகு. பேட்டர்னை இன்றைய பிளவுஸிலிருந்து எடுத்தீர்களா? அப்படியானால் இரு ஆர்ம்ஹோல்களுக்கும் இடையே முதுகு அகலமாக இருக்கும். அக்கால கவுனில் அது 5 முதல் 7 செ.மீ. குறுகல். தோள் தையல் தோளின் உச்சியில் வராது, 4, 5 செ.மீ. பின்னுக்கு விழும். பின்பாகம் வைரம் போலக் குறுகி, இடுப்பில் 8 முதல் 10 செ.மீ. அகலத்தில் முடியும். தோள்பட்டை எலும்பை மூடுவது மேற்பாகம் அல்ல, கவுனின் கைத்துணியின் பின்பகுதி. கையின் சுருக்கம் முழுவதும் பின்பக்கம் போக வேண்டியது இதற்காகத்தான். கையை நீட்டும்போது தேவைப்படும் துணியை அந்தச் சுருக்கம் கொடுக்கும். உச்சியில் சமமாகச் சுருக்கி வைத்தால் பார்க்க அழகு, நீட்டினால் பிடிக்கும். கவுனின் கையைத் திருப்பி, அதன் அடித்தையல் மேற்பாகத்தின் பக்கத் தையலுக்கு 3, 4 செ.மீ. முன்னால் விழும்படி வையுங்கள்.

பாவும்ஊடையும்:

பாவாடை பற்றி. படுக்கைவிரிப்பை வைத்து மல்லை எடைபோட வேண்டாம், ஆனால் உருளை வருவதற்குத் துணியின் தடிமன் பாதிக் காரணம்தான். மீதி, இணைக்கும் முறை. சுருக்கிய ஓரத்தை மேற்பாகத்தோடு வைத்துத் தைத்து உள்ளே மடக்கினால் அத்தனை மடிப்பும் இரட்டிப்பாகி உள்ளே திணிந்துகொள்ளும்.

இப்படிச் செய்யுங்கள். பாவாடையின் மேல் ஓரத்தை 1 செ.மீ. உள்ளே மடியுங்கள். மடிப்பிலிருந்து 3 மி.மீ. கீழே ஒரு வரிசை, அதற்கு 5 மி.மீ. கீழே இன்னொரு வரிசை, இரண்டிலும் 5 மி.மீ. நீள ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் எளிய தையல்). மேல்வரிசைத் தையல் எங்கே இறங்குகிறதோ அதற்கு நேர் கீழே இரண்டாம் வரிசையும் இறங்க வேண்டும். கண்மதிப்பை நம்பாமல் முதலிரண்டு தடவை பென்சில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இரு நூலையும் ஒன்றாக இழுத்து, ஊசியின் மொட்டைப் பக்கத்தால் ஒவ்வொரு மடிப்பையும் நீவி நேராக நிறுத்துங்கள். மேற்பாகத்தின் கீழ் ஓரத்தைத் தனியாக மடித்து முடித்துவிட்டு, இரண்டு ஓரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு சுற்றுத் தையலாகப் பிடியுங்கள். இரண்டு மூன்று மடிப்பை ஒரே தையலில் பிடித்தால் அங்கே கொத்தாகத் தெரியும். இது பொறுமையைக் கேட்கும் வேலை. கவுன் முழுவதிலும் கைத்தையலின் அழகு பளிச்சென்று தெரிவதும் பின்னால் சுருக்கி இணைக்கும் இந்தச் சிறு இடத்தில்தான்.

வெட்டும் கணக்கு, மார்புக்கடிச் சுற்று 80 செ.மீ., முடிந்த பாவாடை நீளம் 115 செ.மீ. என்று வைத்து: 122 செ.மீ. நீளத்தில் இரண்டு முழு அகலத் துண்டுகள் எடுங்கள். ஒன்று அப்படியே பின்பாகம், 110 செ.மீ. மற்றொன்றிலிருந்து 50 செ.மீ. அகலத்தில் முன்பாகம். மிஞ்சும் 60 செ.மீ. பட்டையை ஒரு முனையில் 12, மறுமுனையில் 48 என்று குறித்துச் சாய்வாக வெட்டினால் இரண்டு பக்கத் துண்டுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் மேலே 12, கீழே 48. தையல் ஓரம் கழித்தால் முன்பாகமும் பக்கங்களும் சேர்ந்து மேலே 68 செ.மீ., சுருக்கமே இல்லாமல் தட்டையாக இருக்கும். பின்பாகம் முழுவதும் மிச்சமுள்ள 12 செ.மீ.க்குள் சுருங்கும். மெல்லிய மல் இதைத் தாங்கும். மல்லைவிட நெருக்கமாக நெய்த கேம்ப்ரிக் தாங்காது, கேம்ப்ரிக் என்றால் பின்பாகத்தை 80 செ.மீ. ஆகக் குறையுங்கள். கீழ்ச்சுற்று மல்லில் சுமார் 250 செ.மீ. வரும். மேற்பாகத்துக்கும் நீளக் கைக்கும் 1 மீட்டர் கூட்டினால் மொத்தம் மூன்றரை. துவைத்தால் சுருங்கும் என்பதால் 4 மீட்டராக வாங்கி, வெட்டுமுன் வெந்நீரில் அலசிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சாய்வாக வெட்டிய இரு துண்டுகளும் ஒன்றையொன்று தலைகீழாகத் திருப்பிய வடிவம், கண்ணாடிப் பிம்பம் அல்ல. நேர் ஓரம் முன்பக்கமும் சாய்வு ஓரம் பின்பக்கமும் வர வேண்டுமானால் ஒன்றை உள்புறம் வெளியே தெரியத் திருப்பித்தான் வைக்க முடியும். இரு முகமும் ஒன்றாக உள்ள வெள்ளை மல்லில் யாருக்கும் தெரியாது. அச்சுப் பூத்துணியில் தெரியும். அதற்குத் துணியை இரட்டையாக மடித்துத் தனியாகவே வெட்ட வேண்டும், கூடுதலாக ஒரு நீளம் பிடிக்கும்.

நூல்கண்டு:

நூல் முறுக்குவதற்கு இரண்டு காரணங்கள். நீளம் அதிகம், அல்லது தவறான முனையை ஊசியில் கோத்திருக்கிறீர்கள். கண்டிலிருந்து முதலில் வெளிவரும் முனையை ஊசியில் கோத்து, வெட்டிய முனையில் முடிச்சுப் போடுங்கள். நீளம் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை, 45 செ.மீ. தேன்மெழுகில் ஒருமுறை இழுத்து, விரலால் உருவிவிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைத் தொங்கவிட்டால் முறுக்கு தானே அவிழும்.

பாலியஸ்டரை இந்தத் துணிக்கு விட்டுவிடுங்கள். வரலாற்றுப் பொருத்தம் ஒருபுறம் இருக்கட்டும், நூல் துணியைவிட வலுவாக இருப்பதே குற்றம். இழுப்பு வந்தால் நூல் அறாது, மல்லின் இழைகள் விலகித் தையலோரம் சல்லடையாகும். அறுந்த நூலை மறுபடி தைத்துவிடலாம், விலகிய துணியை ஒன்றும் செய்ய முடியாது. 50ஆம் எண் பருத்தி நூல் அல்லது அதைவிட மெல்லியது, 10ஆம் எண் ஊசி. லினன் நூலை ஸ்டேஸுக்கும் துளைகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே எந்தத் தையல் என்பதிலும் அளவு அறிந்து செய்யலாம். எல்லாவற்றையும் பின் தையலில் (ஒவ்வொரு தையலுக்கும் ஊசி சற்றுப் பின்னால் வந்து குத்தும் தையலில்) போட்டால் துணி விறைக்கும், வேலையும் முடியாது. பாவாடையின் நீளத் தையல்களுக்கு 3 மி.மீ. ஓட்டுத் தையல், ஐந்துக்கு ஒன்று பின் தையல். அது பூட்டுப் போல நிற்கும், ஓரிடத்தில் அறுந்தாலும் முழுவதும் அவிழாது. கரையோடு கரை சேரும் இடத்தில் ஓரத்தை மடிக்கவே வேண்டாம், கரை பிரியாது. மேற்பாகத்துக்கும் ஆர்ம்ஹோலுக்கும் 2 மி.மீ. பின் தையல். வெட்டு ஓரம் உள்ள இடங்களில் ஒரு பக்கத்தை 5 மி.மீ. நீட்டி வைத்துத் தைத்து, நீண்டதைக் குட்டையின்மேல் இரண்டு மடிப்பாகச் சுருட்டி ஹெம்மிங் செய்யுங்கள். மல் ஒளி ஊடுருவும் துணி. உள்ளே கிடக்கும் ஒவ்வொரு ஓரமும் வெளியே நிழலாகத் தெரியும், அதனால் உள்வேலையும் வெளிவேலைதான்.

இங்கே சிலர், தெரியாத இடத்தில் மெஷின் போடலாம் என்பார்கள். தையல் மெஷினுக்கு எலியாஸ் ஹோ காப்புரிமை பெற்றதே 1846இல். காலம் ஒருபுறம் இருக்க, மெஷின் தையலின் இறுக்கம் மல்லைச் சுருங்கவைத்து நீளத் தையலில் அலை எழுப்பும். கைத்தையலில் துணி எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவே நூல் விட முடியும்.

வெள்ளைமல்:

மிக்க நன்றி. பேட்டர்ன் பிளவுஸிலிருந்து எடுத்ததுதான், முதுகைத் திரும்ப வெட்டுகிறேன். முன்பாகமும் லைனிங்கும் நன்றாகவே வந்திருக்கின்றன. அவற்றை வீணாக்காமல், இறக்கி வெட்டிய ஆர்ம்ஹோலை உயர்த்த வழி உண்டா? நாடாவை இறுக்கும்போது ஒரு பக்கம் உள்ளே ஓடிவிடுவதையும் எப்படித் தடுப்பது?

ஊசிக்கண்:

வழி உண்டு, அக்காலத் தையற்காரிகளும் செய்ததுதான். துணி விலை உயர்ந்தது, கூலி குறைவு; ஒட்டுத்துண்டு வைத்த கவுன்கள் அருங்காட்சியகங்களில் நிறையவே இருக்கின்றன. அக்குளில் தனியாக ஒரு பிறைத் துண்டை ஒட்டாதீர்கள், அதன் தையல் சரியாக உரசும் இடத்தில் விழும். பக்கத் தையலை நடுவாக வைத்து, ஆர்ம்ஹோலிலிருந்து இடுப்பு வரை 6 செ.மீ. அகலப் பட்டையை மல்லும் லைனிங்கும் சேர்த்து வெட்டி எடுங்கள். அதே வடிவத்தில், மேலே 2.5 செ.மீ. கூடுதல் உயரமும் நான்கு பக்கமும் 1 செ.மீ. ஓரமும் விட்டுப் புதுத் துண்டு வெட்டுங்கள். பாவு நூல் இடுப்புக்குச் செங்குத்தாக ஓடட்டும். குறுக்காக வெட்டினால் இழுப்பில் நீளும். வெட்டி எடுத்த பகுதியின் இரு பக்கமும் தையலுக்குத் துணி விட்டிருக்க மாட்டீர்கள், ஆகவே புதுத் துண்டின் ஓரத்தை மடித்து, பழைய துணியின்மேல் 1 செ.மீ. ஏற்றி வைத்து, மடிப்புக்கு 2 மி.மீ. உள்ளே பின் தையல் போடுங்கள். புதுத் துண்டின் அகலத்தில் இதற்காக இரு பக்கமும் இன்னொரு 1 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்ம்ஹோல் உயர்ந்தால் அதன் சுற்றளவு 3, 4 செ.மீ. குறையும். கவுனின் கையை வெட்டிச் சிறிதாக்க வேண்டாம். மிஞ்சுவதைக் கையின் பின்பக்கச் சுருக்கத்தில் சேர்த்துவிடுங்கள், அங்கே அது பயன்படும்.

நாடாவை முன்பக்க நடுவில் இரண்டு மூன்று தையலால் உள்ளே பிடித்துவிட்டால் ஓடாது. இடுப்பு நாடாவுக்கும் அப்படியே. கட்டிய பிறகு பின்திறப்பில் 2 செ.மீ. இடைவெளி தெரிந்தால் கவலை வேண்டாம், உள்பாவாடையும் வெள்ளைதானே.

பாவும்ஊடையும்:

கீழ் ஓரத்தை மடிக்குமுன் ஒன்று: பக்கத் துண்டின் சாய்வு ஓரம் நேர் ஓரத்தைவிட 5 செ.மீ. நீளமாக இருக்கும், தொங்கும்போது இன்னும் கொஞ்சம் இறங்கும். பாவாடையை மேற்பாகத்தோடு இணைத்து ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். பிறகு உள்ளாடைகள் அனைத்தையும், அந்தக் கவுனோடு போடப்போகும் செருப்பையும் அணிந்துகொண்டு, இன்னொருவரைத் தரையிலிருந்து அளந்து குறிக்கச் சொல்லுங்கள். இடுப்பிலிருந்து அளந்து குறித்தால் பின்சுருக்கம் உள்ள இடத்தில் ஓரம் தூக்கிக்கொள்ளும்.