குண்டு மிளகாய் விதை வாங்கினேன், பாதி குண்டாகக் காய்க்கவில்லை

உப்புக்காற்று கேட்டது:

தேவிபட்டினம் பக்கம் எங்கள் ஊர். போன ஆடியில் இருபது பேர் போல ஊருணிக்கரை அரசமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து, வீட்டில் இருந்த நாட்டு விதைகளை மாற்றிக்கொண்டோம். சுரை, பீர்க்கு, கொத்தவரை, வெள்ளைக் கத்தரி, தட்டைப்பயறு என்று நிறையவே வந்தது, அப்பத்தா காலத்துச் சங்கதி எல்லாம் பேசி நாள் போனதே தெரியவில்லை. ஆனால் எல்லாமே பழைய பேப்பர் பொட்டலம். யார் கொடுத்தது, எந்த வருசத்து விதை, ஒன்றும் எழுதவில்லை.

பலன் என்னவென்றால், நான் அங்கே வாங்கிவந்த குண்டு மிளகாயில் பாதிச் செடி நீட்டமுமில்லாமல் குண்டுமில்லாமல் காய்த்தது. சுரை முளைக்கவே இல்லை. தட்டைப்பயறு டப்பாவைத் திறந்தால் வண்டும் மாவும்தான். கொடுத்தவரிடம் கேட்கலாம் என்றால் கொடுத்தவர் யாரென்றே தெரியாது! இந்த ஆடிக்கும் வைப்போம் என்கிறார்கள். எப்படி ஒழுங்காகச் செய்வது? இதற்கிடையில் ஒருவர், விதை மாற்றுவதே சட்டப்படி தப்பு, கேஸ் போடுவார்கள் என்று வேறு கிளப்பிவிட்டார்.

மடைக்கால் (திருவாடானை):

தம்பி, கொடுத்தவரைத் திட்டாதீங்க, அவருக்கே தெரிந்திருக்காது. மிளகாய் தன் பூவிலேயே காய் பிடிக்கும், ஆனால் தேனீ சும்மா இருக்குமா? பக்கத்துக் கொல்லையில் நீட்டமான சம்பா மிளகாய் நின்றால் அந்த மகரந்தத்தையும் கொண்டுவந்து சேர்த்துவிடும். இதில் ஏமாற்று என்னவென்றால், கலந்த வருசம் பழம் குண்டாகத்தான் இருக்கும், ஏனென்றால் பழத்தின் உருவம் தாய்ச்செடியுடையது. கலப்பு உள்ளே விதையில் இருக்கிறது, அது அடுத்த வருசம் உங்கள் கொல்லையில் வந்துதான் பல்லைக் காட்டும். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோசம்தான், தேனீக்கு அது தெரியாதே.

அரசு சான்றோடு விவசாயிக்கு விற்கிற சான்று விதைக்கு வேறு மிளகாயிலிருந்து 200 மீட்டர், அந்தச் சான்று விதையை உண்டாக்கப் போடுகிற ஆதார விதைக்கு 400 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். அரை ஏக்கர்காரன் எங்கே போவான்? நான் செய்வது இது: பூ விரியும் முன்பே நல்ல செடியாக ஏழெட்டைப் பார்த்து, பழைய கொசுவலையால் மூடி, தினம் காலையில் வலையோடு லேசாக உலுக்கிவிடுவேன். காய் பிடித்ததும் அந்தக் காய்களுக்கு நூல் கட்டிவிட்டு வலையை எடுத்துவிடலாம். ஒரே செடியில் மட்டும் விதை எடுக்காதீங்க, நாளடைவில் வீரியம் குறையலாம்.

நெல்லில் இந்தத் தொல்லை குறைவு. நொறுங்கன், சித்திரைக்கார், குழியடிச்சான் என்று நாட்டு நெல் எது போட்டாலும் பெரும்பாலும் தன் பூவிலேயே மணி பிடிக்கும். அங்கே கலப்பு வருவது களத்திலும் சாக்கிலும் அறுவடை இயந்திரத்திலும்தான். விதைக்கு என்று வயலின் நடுவில் ஒரு பாத்தி ஒதுக்கி, கதிர் வரும்போது உள்ளே நடந்து மாறுபட்டதைப் பிடுங்கி, கையால் அறுத்துத் தனியாக அடித்து வைத்தால் போதும்.

அஞ்சறைப்பெட்டி (கீழக்கரை):

அண்ணன் மிளகாயைச் சொல்லிவிட்டார்கள், நான் அடுப்படிப் பக்கத்தைச் சொல்கிறேன். கடலோரத்தில் விதையைக் கெடுப்பது ஈரக்காற்று. காய்ந்தது என்று நினைத்து டப்பாவில் போடுவோம், ஐப்பசி மழையில் திறந்து திறந்து பார்ப்போம், முடிந்தது கதை. சுரை விதையைக் கடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உச்சி வெயிலில் சிமெண்டுத் தரையில் கொட்டாமல் காலை வெயிலில் துணியில் பரப்புங்கள். பிறகு கண்ணாடிப் பாட்டிலில் அடியில் ஒரு பிடி நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசி, அதன்மேல் துணி முடிச்சில் விதை, இறுக்கமான மூடி.

தட்டைப்பயறு வண்டு டப்பாவுக்குள் வந்து சேர்வது மட்டுமில்லை, பல நேரம் நெற்று கொல்லையில் காய்கிற போதே முட்டை ஏறிவிடுகிறது. என் மாமியார் துவரைக்குச் செம்மண் கட்டுவார், தட்டைப்பயறுக்கு அடுப்புச் சாம்பலைப் பிசிறி வைப்பார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை, கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய் தடவி வைக்கிறேன், விதைக்கு மட்டும்தான், சமைக்க இல்லை. ஃபிரிட்ஜில் வைப்பவர்கள் வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள், பாட்டிலின் குளிர் போகட்டும், இல்லையென்றால் உள்ளே வியர்த்துவிடும்.

கொண்டுவருவதற்குப் பத்து நாள் முன்பு பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஐந்துகூட முளைக்காவிட்டால் அதைப் பொட்டலம் கட்ட வேண்டாம்.

ஓலைப்பெட்டி:

கேஸ் பயம் வேண்டாம். 2001ஆம் வருசத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், 39ஆம் பிரிவு. விவசாயி தன் விளைச்சலை, விதை உட்பட, சேமிக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். சட்டத்தில் பதிவான ரகத்தை பிராண்டு போட்டு அடைத்து விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

முறை வேண்டுமென்றால் நாட்டு நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஐயா வழியே இருக்கிறது. திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை நெல் வாங்கினால் அடுத்த வருசம் 4 கிலோவாகத் திருப்ப வேண்டும் என்று வைத்திருந்தார். அதற்கு ஒரு நோட்டு வேண்டும், பெயர் வேண்டும். உங்கள் அரசமரத்தடியில் விட்டுப்போனது அந்த நோட்டுத்தான். ஒவ்வொரு பொட்டலத்திலும் கொடுத்தவர் பெயர், ஊர், பறித்த மாதம், பக்கத்தில் அதே இனத்தில் வேறு என்ன நின்றது என்று எழுத வையுங்கள். எழுதாத பொட்டலம் சாக்கில் ஏறக்கூடாது. ஒரு விதையை மூன்று வீட்டுக்காவது கொடுங்கள், ஒரு வீட்டில் தண்ணீர் ஏறினாலும் இன்னொரு வீட்டில் கேட்டு வாங்கலாம்.

உப்புக்காற்று:

எல்லோருக்கும் நன்றி. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவிட்டேன், முதல் பக்கத்தில் வெள்ளைக் கத்தரி. கொடுத்தது எங்கள் சின்னம்மா என்று விசாரித்துக் கண்டுபிடித்தாயிற்று. ஒரே ஒரு சந்தேகம்: அந்த இரண்டுங்கெட்டான் மிளகாய் காரம் நன்றாகவே இருக்கிறது. என்ன செய்ய?

மடைக்கால்:

மீன் குழம்புக்குப் போடுங்க தம்பி. சாக்குப் பக்கம் மட்டும் கொண்டுவராதீங்க.